டாக்ஸியை விட்டுக்கொடுத்தவர்

ஓட்டல் வரவேற்பறையில், கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே இருந்த சோபாவில், எங்களைப் போனில் வரச் சொன்ன பள்ளிக்கூட டீச்சர் உட்கார்ந்திருந்தார். இடது கையில் முழங்கைக்குக் கீழே கட்டு. மடியில் தடிமனான மருத்துவமனை ஃபைல். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார். மேடம் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மேடத்தின் முட்டிகள் இரண்டும் காலையிலிருந்தே வேலைநிறுத்தத்தில் இருந்தன.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பொய்யர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான். என்னை ரேடியோ என்று கூப்பிடுவார். அணைக்கும் பொத்தான் இல்லாத ரேடியோ என்று வருகிறவர்களிடம் விளக்கமும் கொடுப்பார்.

அந்த வாரம் நாங்கள் ஏற்கெனவே துவண்டு போயிருந்தோம். ஓடிப்போன கணவர் ஒருவரை ஐந்து நாள் அலைந்து கண்டுபிடித்து, அவர் திரும்பி வர மாட்டாராம் என்ற செய்தியை முந்தின நாள்தான் மனைவியிடம் சேர்த்திருந்தோம். அந்த அம்மா அழக்கூட இல்லை. எங்களுக்குக் காபி வேண்டுமா என்று கேட்டார். அதற்கு மறுநாள் பகல் இரண்டு மணிக்கு இன்னொரு காணாமல்போன ஆள் என்றால் யாருக்குத்தான் உற்சாகம் வரும்?

"எங்க அண்ணன் காலையில ஏழே முக்கால் விமானத்துல இறங்கிட்டாரு," என்றார் டீச்சர். "எட்டு மணிக்கு மெசேஜ் போட்டாரு. இறங்கிட்டேன், வந்துடறேன்னு. அதோட போன் ஆஃப்."

"எதுல வர்றதா இருந்தாரு?" மேடம் கேட்டார்.

"டாக்ஸியில. இருபது நிமிஷம்தான். ஓட்டல்களுக்குன்னு ஒரு வேன் இருக்கு. அது ஊரெல்லாம் சுத்தும், ஒரு ரவுண்டு போக ஒன்றரை மணி நேரம். அதுல மட்டும் ஏறிடாதேன்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"நீங்க எப்போ இங்க வந்தீங்க?"

"பதினொரு மணிக்கு. இந்த இடத்தை விட்டு நகரல. வேன் வந்து நிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். இறங்கறவங்கள்ல அவர் இல்ல."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஆறு மாடி மருத்துவமனை. டீச்சர் அதைப் பார்க்காமலே பேசினார்.

"நாளைக்குக் காலையில எங்க ரெண்டு பேருக்கும் ஆபரேஷன். அவரோட கிட்னி ஒண்ணு எனக்கு. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரெண்டு பேரும் போய்ப் படுக்கணும். இல்லேன்னா தியேட்டரை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. மறுபடி தேதி கிடைக்க மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசம் தாங்குமா?"

"தாங்காதுன்னுதான் டாக்டர் சொல்றாரு."

"போலீஸ்ல?"

"அம்பத்திரண்டு வயசு ஆம்பளை ஆறு மணி நேரம் காணோம்னா, அதுக்குப் பேரு காணாமப்போறதில்ல, ஊர் சுத்தறதுன்னு சொல்லிட்டாங்க."

போட்டோவைக் கொடுத்தார். ஒல்லியான மனிதர், மீசையில் பாதி நரை, பக்கத்தில் பழுப்பு நிறப் பெட்டி. பெட்டியின் பிடியில் மஞ்சள் ரிப்பன். போன முறை கிட்னி டெஸ்டுக்கு வந்தபோது டீச்சரே கட்டிவிட்டாராம். வெளிநாட்டில் லிப்ட் மெக்கானிக் வேலை.

எழுந்தோம். டீச்சர் மேடத்தின் புடவைத் தலைப்பைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு. அவர் பயந்துபோய்த் திரும்பியிருந்தா, இழுத்துட்டு வராதீங்க. எங்கேயாவது அடிபட்டுக் கிடக்கறாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. அது தெரிஞ்சா போதும்."

மேடம் தலையாட்டினார். வெளியே வந்து டாக்ஸியில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் பேசினார்.

"நேத்தும் இதே மாதிரி ஒரு முகம், இன்னைக்கும் ஒண்ணு. இந்த அம்மாகிட்டயும் அவர் வர மாட்டாராம்னு சொல்ல வேண்டியிருந்தா, நீ போய்ச் சொல்லு ரேடியோ. என்னால முடியாது."

"நான் சொன்னா சேதி முடியறதுக்குள்ள ஆறு மணி ஆயிடும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை.

*

விமான நிலையத்தில் டாக்ஸி வரிசையை ஒழுங்குபடுத்தும் ஆள் கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். யார் என்ன கேட்டாலும் முதலில் விசிலை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் பதில் சொன்னார். போட்டோவைக் காட்டினேன். ஊதினார். பிறகு சிரித்தார்.

"இவரா? மறக்க முடியுமா? வரிசையில முன்னாடி வந்தாரு. வண்டிக் கதவைத் திறந்து விட்டேன். திரும்பிப் பார்த்து, பின்னாடி கைக்குழந்தையோட நின்ன பொண்ணை நீங்க போங்கம்மான்னுட்டாரு."

"நல்ல மனுஷன்," என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அடுத்த வண்டி வந்துது. பின்னாடி நின்னது கோட்டு போட்ட ஆளு, கையில ஒரு ஃபைலு. அவரையும் நீங்க போங்க சார்னாரு. மூணாவது வண்டிக்கு, காலேஜ் பசங்க நாலு பேரு. அவனுங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல, சிரிச்சு விளையாடிட்டு நிக்கறானுங்க. அவனுங்களையும் போகச் சொன்னாரு. நான் கடுப்பாகி, சார் நீங்க ஏறப்போறீங்களா இல்லியான்னேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு, பெட்டியை இழுத்துக்கிட்டு வேன் நிக்கற பக்கம் போயிட்டாரு."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரியாக இரண்டரை. எதிர்ப்புறம் கொட்டகையிலிருந்து ஒரு வெள்ளை வேன் கிளம்பி எங்களைத் தாண்டிப் போனது. பக்கவாட்டில் பெரிதாக 3 என்று எழுதியிருந்தது. தொப்பி போட்ட டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இருபது நிமிஷத்துல போக வழி இருக்கறப்போ ஒருத்தர் ஒன்றரை மணி நேரத்தை ஏன் எடுக்கறாரு?" மேடம் கேட்டார்.

"கஞ்சனா இருக்கலாம்."

"கஞ்சன் முதல்லயே வேனுக்குப் போயிருப்பான். மூணு டாக்ஸியை விட்டுக்கொடுத்துட்டுப் போக மாட்டான்."

"அப்போ?"

"போய்ச் சேர்றதுக்கு மனசு இல்லாதவன் போவான்."

டீச்சர் சொன்னது சரியாகிவிடும் போலிருந்தது.

*

வேன் கொட்டகையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு ஒரு வேன் என்று போர்டு சொன்னது. போர்டு சொல்வதை நம்ப வேண்டாம் என்று அந்த அம்மாவின் ஸ்வெட்டர் சொன்னது. ஒரு வேனுக்கும் அடுத்த வேனுக்கும் நடுவில் ஒரு கை முழுதும் பின்னி முடித்திருந்தார்.

"காலையில எட்டரை வேன்ல போனாரு," என்றார் போட்டோவைப் பார்த்து. "பெட்டி தகராறுனால ஞாபகம் இருக்கு."

"தகராறா?"

"எங்க டிரைவருங்க பெட்டியை ஏத்தறதுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க. கடைசியா இறங்கறவங்க பெட்டி உள்ளே, முதல்ல இறங்கறவங்க பெட்டி கதவோரம். இவர் கடைசியா வந்தாரு. எல்லாப் பெட்டியும் ஏத்தியாச்சு. டிரைவர் எங்கே இறங்கறீங்கன்னு கேட்டாரு. இவர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, கடைசியா இறங்கிக்கறேன்னாரு. அவ்வளவுதான், எட்டுப் பெட்டியை மறுபடி கீழே இறக்கி, இவர் பெட்டியை உள்ளே தள்ளி, திரும்ப எல்லாத்தையும் ஏத்தினாங்க. டிரைவர் வாய்க்குள்ளயே திட்டிட்டு இருந்தாரு."

மேடம் சுவரிலிருந்த வழித்தட அட்டையைப் படித்தார். மொத்தம் ஏழு நிறுத்தம். டீச்சர் காத்திருக்கும் ஓட்டல் இரண்டாவது. கடைசி நிறுத்தம் வெளியூர் பஸ் நிலையம்.

நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் நிலையம் என்றால் ஆள் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்பதிலிருந்தே கதை முடிந்துவிட்டது.

"என்ன, ரேடியோ ஸ்டேஷன் மூடிட்டாங்களா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம். ஒலிபரப்ப ஒண்ணும் இல்ல."

*

பஸ் நிலையத்துக்கு டாக்ஸியில் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. வேன் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் கடை. கடைக்கார அம்மா பதினோரு வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாராம். காலையில் முதல் சுற்று வேன் இங்கே எப்போது வந்தது என்று கேட்டேன்.

"மூணாம் நம்பர்தானே? ஒன்பது முப்பத்தஞ்சு. ஆனா அதுல இருந்து யாரும் இறங்கல."

"பழுப்புப் பெட்டி, மஞ்சள் ரிப்பன்?"

"பெட்டியும் இறங்கல, ஆளும் இறங்கல. டிரைவர் மட்டும் வந்து பேப்பர் வாங்கிட்டு, பின்னாடி சீட்டைப் பார்த்துப் பார்த்து முழிச்சாரு."

எனக்குத் தலை சுற்றியது. இரண்டாவது நிறுத்தமான ஓட்டலுக்கு ஆள் வந்து சேரவே இல்லை. கடைசி நிறுத்தத்திலும் இறங்கவில்லை. நடுவில் எங்கேயாவது இறங்கியிருந்தால் அவர் பெட்டியை எடுக்க எல்லாப் பெட்டியையும் மறுபடி இறக்கியிருக்க வேண்டும். மேடம் கடையின் ஓரத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். களைப்பில் கண்ணை மூடிவிட்டார் என்று நினைத்தேன். மூடியபடியே கேட்டார்.

"மூணாம் நம்பர் எப்பவும் இப்படி நேரத்துக்கு வருமா?"

கடைக்கார அம்மா சிரித்தார். "இந்த வேனா? வந்தா உண்டு, வராட்டி இல்ல. ஆனா இன்னைக்கு என்ன வந்துச்சோ தெரியல. மத்த ரெண்டும் வழக்கம் போலத்தான், மூணு மட்டும் நிமிஷம் பிசகல. பதினொன்னு அஞ்சுக்கு வந்துச்சு, பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்கு வந்துச்சு, ரெண்டு அஞ்சுக்கு வந்துச்சு. பதினோரு மணி டிரைவர் என்கிட்ட ஒரு டஜன் தண்ணி பாட்டில் வாங்கிட்டுப் போனாரு. வேன்ல வர்றவங்களுக்குக் குடுக்கவாம். பதினோரு வருஷத்துல இப்பத்தான் கேள்விப்படறேன்."

"டிரைவர் மாறிட்டாரா?"

"ஒரு மணிக்கு ஷிப்ட் மாறிடுச்சு. இப்ப இருக்கறவரு தொப்பி போட்டிருக்காரு. அவருக்குத் தொப்பி இருக்கறதே எனக்குத் தெரியாது."

மேடம் கண்ணைத் திறந்தார்.

"ரேடியோ. ஒரு சோம்பேறி டிரைவர் திடீர்னு எப்போ தொப்பி போடுவான்?"

"மாமியார் வீட்டுக்குப் போகும்போது."

"அதுக்கு அடுத்தது?"

யோசித்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேலதிகாரி வரும் நாளில் எல்லாரும் மேசையைத் துடைப்பார்கள் என்று மேடம் அடிக்கடி சொல்வார்.

"யாராவது சோதனைக்கு வந்திருந்தா போடுவான்."

"ரெண்டு டிரைவருங்களும் ஒழுங்கா இருந்திருக்காங்க. அப்படின்னா சோதனைக்கு வந்தவரு ஷிப்ட் மாறினப்பவும் இறங்கல. காலையில இருந்து பேசாம பின்சீட்ல உட்கார்ந்து, எந்த ஸ்டாப்லயும் இறங்காம வர்ற ஆளைப் பார்த்தா டிரைவருங்க என்ன நினைப்பாங்க? கம்பெனி அனுப்பின ஆளுன்னுதான் நினைப்பாங்க. பெட்டி வேற ஆழத்துல இருக்கு. யாரும் அதைத் தொடல."

"மேடம்," என்றேன். "அவர் காணாமப் போகவே இல்லியா?"

"எட்டரையிலேர்ந்து ஊரைச் சுத்திக்கிட்டு இருக்காரு. போலீஸ் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

மூன்று முப்பத்தைந்துக்கு மூன்றாம் நம்பர் வேன் வந்து நின்றது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

*

ஏறினோம். டிரைவர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி ஆளுக்கொரு தண்ணி பாட்டில் கொடுத்தார். பின்சீட்டில், ஜன்னலோரம், போட்டோவில் இருந்த மனிதர். மடியில் ஒரு சின்ன நோட்டு. மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டேன். டிரைவர் கண்ணாடி வழியாக மேடத்தையும் என்னையும் பார்த்தார். ஒரு அதிகாரி இருந்த இடத்தில் மூன்று பேர். பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.

"நோட்டுல என்ன எழுதறீங்க?" மேடம் கேட்டார்.

அவர் காட்டினார். ஒன்பது அஞ்சு. பத்து முப்பத்தஞ்சு. பன்னிரண்டு அஞ்சு. ஒன்று முப்பத்தஞ்சு. மூன்று அஞ்சு. ஓட்டல் வாசலில் வேன் நின்ற நேரங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'அடுத்த தடவை' என்று எழுதியிருந்தார்.

"உங்க தங்கச்சி அனுப்பினாங்க," என்றார் மேடம்.

அவர் நோட்டை மூடினார். வேன் நகர்ந்தது.

"பன்னிரண்டு மணிக்கு அவளைப் பார்த்தேன்," என்றார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேனையே பார்த்துட்டு இருந்தா. ஜன்னல் கறுப்பு, என்னைத் தெரியாது. எழுந்துட்டேன். கால் நகரல. அடுத்த தடவையும் அங்கேயே இருந்தா. அதுக்கு அடுத்த தடவையும்."

"இங்க பஸ் நிலையத்துல இறங்கி எங்கேயாவது போயிருக்கலாமே?"

"அதுவும் முடியல. ஒவ்வொரு தடவையும் கதவு வரைக்கும் பார்ப்பேன். ஓடவும் முடியல, இறங்கவும் முடியல மேடம். நாப்பது மாடி லிப்டுக் குழிக்குள்ள கயித்துல தொங்கி வேலை பார்க்கறவன் நான். அங்க பயமே வராது. ஆனா ஒரு மேசையில படுக்க வச்சு, மயக்க மருந்து குடுத்து, நமக்குத் தெரியாம நம்மளை அறுப்பாங்கன்னு நினைச்சா..." நோட்டைச் சட்டைப் பையில் செருகினார். "பயமா இருக்கு. வெக்கமாவும் இருக்கு. இதை எப்படி அவகிட்ட சொல்றது?"

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"என் முட்டிக்கு ஆபரேஷன் பண்ணணும்," என்றார் மேடம். "நாலு வருஷமா டாக்டர் தேதி குடுக்கறாரு, நான் கேஸ் இருக்கு கேஸ் இருக்குன்னு தள்ளிப் போடறேன். பாதி நாள் ஒரு கேஸும் கிடையாது. இவனுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"அதனால உங்களுக்குத் தைரியம் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. உங்க தங்கச்சி சொன்னதை மட்டும் சொல்லிடறேன். அவர் பயந்து திரும்பியிருந்தா இழுத்துட்டு வராதீங்க, அடிபட்டுக் கிடக்கறாரான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கன்னாங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு இப்ப நான் போன் பண்ணிச் சொன்னா என் வேலை முடிஞ்சுது. பண்ணட்டுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மேடம் போனை எடுக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை நிஜமாகவே தூங்கிவிட்டார்.

விமான நிலையம் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். எவருடைய பெட்டியை எங்கே வைப்பது என்று டிரைவர் ஒவ்வொருவரையும் கேட்டார். நான்கு மணிக்கு வேன் கிளம்பப் போகும் நேரத்தில் பின்சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போனார்.

"என் பெட்டியைக் கதவோரம் வச்சிடறீங்களா? நான் ரெண்டாவது ஸ்டாப்ல இறங்கணும்."

டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, ஏற்றிய அத்தனை பெட்டியையும் கீழே வைத்தார். கடைசியில் மஞ்சள் ரிப்பன் வெளியே வந்தது.

*

நான்கு முப்பத்தைந்து. ஓட்டல் வாசல். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினார்.

"சார், ஏதாவது குறை இருந்தா மன்னிச்சுடுங்க. ரிப்போர்ட்ல கொஞ்சம் பார்த்து எழுதுங்க."

"ரொம்ப நல்லா ஓட்டினீங்க," என்றார் அவர். "ரெண்டு பேருமே."

கண்ணாடிக் கதவு திறந்தது. டீச்சர் சோபாவிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அண்ணனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கை, கால், தலை. அடி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டார். அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். டீச்சர்தான் பேசினார்.

"வேன்ல வந்தியாண்ணே? அது சுத்திட்டுத்தான் வரும்னு சொன்னேன்ல."

"ஆமாம்மா. கொஞ்சம் அதிகமாவே சுத்திடுச்சு."

"சரி, பரவாயில்ல. இன்னும் நேரம் இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் மேடத்தின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்துக்கொண்டார். நான் டாக்ஸி கூப்பிடவா என்று கேட்டேன். எதிரே தெரிகிற மருத்துவமனைக்கு டாக்ஸியா என்று மேடம் என் முதுகில் தட்டினார்.

அண்ணன் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தங்கையின் ஃபைலுமாகப் படியிறங்கினார். சாலையைக் கடக்கும் இடத்தில் கூட்டம். பச்சை விளக்கு விழுந்ததும் பின்னாலிருந்து ஒருவர் அவசரமாக இடித்துக்கொண்டு முன்னே போகப் பார்த்தார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். நானும் மேடமும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் வழி விடவில்லை. தங்கையைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினார்.